பிள்ளை வரையும் மலையில் மனிதன் எங்கே?

இயற்கைக் காட்சியொன்றை வரையுமாறு பிள்ளையிடம் கூறினால், பெரும்பாலும் ஒரே சித்திரமே கிடைக்கிறது. இரண்டு மலைகள், நடுவே சூரியன், கீழே ஓர் ஆறு, கரையில் ஒரு தென்னை. ஹந்தானை மலையையும் மகாவலி கங்கையையும் தினமும் காணும் கண்டிப் பிள்ளைகளும் இதையே வரைகின்றனர். அதில் மனிதன் இல்லை. அப்படியாயின், மனிதன் இயற்கைக்கு வெளியே நிற்பவனா?

கண்டியைச் சூழ்ந்த மலைகள் இதற்கு விடை கூறும். அடர்ந்த காடாயிருந்த சரிவுகள் 19ஆம் நூற்றாண்டில் கோப்பிப் பயிருக்காக வெட்டி வெளியாக்கப்பட்டன. 1869 முதல் பரவிய இலைநோய் கோப்பியை அழித்தது. 1867இல் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் பயிரிட்ட தேயிலை, பின்னர் அவ்விடத்தைப் பிடித்தது. காட்டை அழித்ததும் மனிதக் கை. தேயிலையை வளர்த்ததும் மனிதக் கை. கொழுந்து பறித்த பாட்டியின் விரல்கள் இல்லாத மலைச் சித்திரம் அழகாயிருக்கலாம், முழு உண்மையாகாது. அங்கே முன்பு நின்ற காட்டை மறந்த சித்திரமும் அவ்வாறே.

முன்னைய சிற்பிகள் இதை அறிந்திருந்தனர். 14ஆம் நூற்றாண்டில், கம்பளை மன்னன் மூன்றாம் விக்கிரமபாகு காலத்தில் கதிர்காமக் கடவுளுக்கென அமைந்தது எம்பெக்க தேவாலயம். அதன் மரத்தூண்களில் அன்னப் பறவையும் தாமரையும் மற்போர் வீரரும் பாலூட்டும் தாயும் அருகருகே இடம்பெற்றுள்ளனர். 1903 முதல் 1906 வரை இலங்கையின் கனியவள ஆய்வுக்குத் தலைமை தாங்கிய ஆனந்த குமாரசுவாமி, கல்லை ஆராய்ந்த காலத்திலேயே கலையிலும் மனம் பறிகொடுத்தார். கண்டி நாட்டுக் கைவினைகளைப் பற்றி 1908இல் பெருநூல் வெளியிட்டார். அக்கைவினைஞருக்குக் கலையும் தொழிலும் வழிபாடும் வெவ்வேறாக இருக்கவில்லை.

ஆகவே பெரியோர் செய்ய வேண்டியது பெரிதன்று. அறநெறி வகுப்புப் பிள்ளைகளை ஒரு நாளாவது கோயில் மரத்தடியில் அமர்த்தி, கண்முன் உள்ள மரத்தையே வரையச் சொல்லலாம். வரைந்த பின், "அழகாக இருக்கிறதா?" என்று கேட்பதை விட, "இதில் நீ எங்கே இருக்கிறாய்?" என்று கேட்பதே மேல். ஒரு பிள்ளை தண்ணீர் ஊற்றும் கையை வரையும். இன்னொரு பிள்ளை கிளை முறிக்கும் கையை வரையும். இரண்டும் உண்மையே. இரண்டாவது சித்திரத்தை வரைந்த பிள்ளையைக் கடிந்துகொள்ளாதிருப்பதும், முதலாவதற்கு மட்டும் பரிசு கொடுக்காதிருப்பதும் பெரியோரின் பொறுப்பு.

வாசலில் இடும் அரிசிமாக் கோலம் எறும்புக்கும் உணவாகிறது. தன் கை எதற்கு உணவாகிறது, எதற்கு ஊறாகிறது என்று தானே கண்டுகொள்ளும் பிள்ளைக்கு வேறு உபதேசம் அதிகம் தேவைப்படாது.