படைவீரனும் பசித்த பிள்ளையும்

ஒரு நாட்டின் வலிமையை அளக்க விரும்புவோர் அதன் பீரங்கிகளை எண்ணுவர். அவற்றை இழுத்துச் செல்லும் தோள்கள் எந்த வீட்டில், எதை உண்டு வளர்ந்தன என்று கேட்போர் சிலரே.

1899ஆம் ஆண்டு தென்னாப்பிரிக்காவில் போயர்களுடன் போர் மூண்டபோது, பிரித்தானியப் படையில் சேர இளைஞர்கள் திரண்டு வந்தனர். மான்செஸ்டர் போன்ற ஆலை நகரங்களில் அவர்களைச் சோதித்த மருத்துவர்கள் பெருந்தொகையினரைத் திருப்பியனுப்ப நேர்ந்தது. சூரியன் மறையாத பேரரசின் தலைநாட்டிலேயே இந்த நிலை! சேர முன்வரும் ஐவரில் இருவரே ஈராண்டுகளுக்குப் பின் தகுதியுள்ள வீரராய் எஞ்சுகின்றனர் என்று தளபதி பிரெடரிக் மாரிஸ் 1902இல் எழுதியபோது நாடு திடுக்கிட்டது.

இனமே நலிந்துவிட்டதெனச் சிலர் புலம்பினர். ஆராய அமைந்த குழுவோ, அதற்குச் சான்றில்லை என 1904இல் அறிவித்தது. நெருக்கடியான குடியிருப்பையும், அசுத்தத்தையும், போதாத உணவையுமே சுட்டிக் காட்டியது. பள்ளிப் பிள்ளைகளுக்கு உணவளிக்க உள்ளாட்சிகளுக்கு அதிகாரம் தரும் சட்டம் 1906இல் பிறந்தது. மறு ஆண்டு பள்ளி மருத்துவச் சோதனைக்கும் சட்டம் வந்தது.

இங்கேதான் நம் உள்ளத்தில் ஒரு வினா எழுகிறது. அப்பிள்ளைகள் அதற்கு முன்பும் பசித்துத்தானே இருந்தனர்? தரும சிந்தை கொண்டோர் சிலர் முன்னரே அவர்களுக்கு உணவளித்ததுண்டு. துப்பாக்கி ஏந்தத் திடமான ஆள் கிடைக்காதபோதல்லவா அரசின் கண் அகலத் திறந்தது! பதினெட்டாண்டுப் பட்டினியைப் பயிற்சித் திடலின் சில மாதங்கள் ஈடுசெய்யா என்பதும் அப்போதுதான் அதற்குப் புலப்பட்டது.

நோக்கம் எதுவாயினும் உணவு உணவுதானே என்பர். மெய்தான், பசித்த பிள்ளை, பரிமாறும் கையின் எண்ணத்தை ஆராய்வதில்லை. அச்சட்டங்களை நாம் குறைகூறவும் மாட்டோம். ஆயினும், போரை எண்ணி ஊட்டும் கை, போர் அச்சம் நீங்கியதும் ஓய்ந்துவிடக்கூடும். கால் ஊனமுற்ற சிறுவனுக்கும், படைக்கு அழைக்கப்படாத சிறுமிக்கும் அந்தக் கணக்கில் இடம் ஏது?

காய்ச்சலில் கிடக்கும் மகனின் நெற்றியைத் தொட்டுப் பார்க்கும் தாய், நாளை அவன் எதற்குப் பயன்படுவான் என்று எண்ணுவதில்லை. பிள்ளையின் உடல் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். வீட்டுக்குப் பொருந்தும் இந்த அறம் நாட்டுக்கும் பொருந்த வேண்டாமா? பசிக்கிறது என்பதொன்றே உணவளிக்கப் போதுமான காரணம் என நாம் கருதுகிறோம்.