கணக்குக் கேட்கப்படாத அரியணை

காஞ்சிபுரம் வைகுண்டப் பெருமாள் கோயிலின் சுற்றுமண்டபச் சுவர்களில் பல்லவர் வரலாறு சிற்பமாக ஓடுகிறது. எட்டாம் நூற்றாண்டில் இரண்டாம் பரமேசுவரவர்மன் வாரிசின்றி இறந்தபின் அமைச்சரும் கடிகை என்ற கல்விக்கழகத்தாரும் பல்லவக் கிளைக்குடியைச் சேர்ந்த இரணியவர்மனிடம் சென்று அரசன் ஒருவனைக் கேட்டார்கள். அவனுடைய மூத்த பிள்ளைகள் மறுத்துவிட, பன்னிரண்டு வயதுப் பல்லவமல்லன் புறப்பட்டு வந்தான். அவனே இரண்டாம் நந்திவர்மன். உத்திரமேரூரைப் பிராமணர் ஊரான சதுர்வேதிமங்கலமாக ஏற்படுத்தியவன் அவனே என்பர்.

குடிகள் அவனைத் தேர்ந்தார்கள் என்கிறது காசாக்குடிச் செப்பேடு. அதே செப்பேடு அவன் குலத்தைப் பிரமனிலிருந்து தொடங்குகிறது. மக்கள் அழைத்து வந்த அரசனுக்குத் தெய்வ வழித்தோன்றல் என்ற பெருமை எதற்கு?

அந்த நம்பிக்கை அரியணைப் போட்டியை அடக்கும், குடிகளுக்கு நிம்மதி கிடைக்கும் என்று வாதிடலாம். எளிதில் தள்ளக்கூடிய வாதம் அல்ல. அரசுரிமைப் போரில் முதலில் எரிவது குடியானவன் வீடுதான். ஆனால் நந்திவர்மனை எதிர்த்து நின்ற சித்திரமாயனும் பல்லவனே. நந்திபுரத்தில் முற்றுகைக்குள் சிக்கிய அரசனை மீட்டது படைத்தலைவன் உதயசந்திரனின் வாள். இருவரும் ஒரே தெய்வக் குலத்தைக் காட்ட முடிந்தபோது அந்த உரிமை எதையும் தீர்க்கவில்லை.

அதைவிடப் பெரிய கேடு ஒன்று உண்டு. தெய்வம் தந்த அதிகாரத்திடம் மனிதர் கணக்குக் கேட்க முடியாது. 1649இல் தன்னை விசாரித்த மன்றத்தை இங்கிலாந்தின் முதலாம் சார்லஸ் ஏற்க மறுத்ததும் இந்த நம்பிக்கையில்தான்.

உத்திரமேரூர்க் கோயில் சுவரில் உள்ள சோழன் முதலாம் பராந்தகனின் கல்வெட்டுகள் (919, 921) வேறு வழியைக் காட்டுகின்றன. ஊர்ச்சபையின் வாரியங்களுக்கு, அதாவது குழுக்களுக்கு, ஆள் தேர்வதற்காக முப்பது குடும்புகளிலும் (ஊர்ப்பகுதிகளிலும்) பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்தில் இடுவார்கள். விவரமறியாச் சிறுவன் ஒருவன் ஓலை எடுப்பான். அதை வாங்கும் மத்தியஸ்தன் ஐந்து விரல்களையும் அகல விரித்து, உள்ளங்கையில் ஏற்றுப் படிக்க வேண்டும். ஓலையை மாற்றவோ மறைக்கவோ இடமில்லை. பதவிக்காலம் 360 நாள். வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவனின் பெயர் மறுபடி குடத்தில் விழாது. அவன் நெருங்கிய உறவினர் பெயரும் விழாது.

ஒருவன் குற்றத்துக்கு உறவினரைத் தள்ளுவது கடுமைதான். ஆனாலும் அந்தக் கடுமையில் ஒரு தெளிவு இருக்கிறது. அரண்மனையில் இரத்த உறவு பதவி தந்தது. இங்கே அதே உறவு பதவிக்குத் தடையானது. பொதுச்சொத்து குடும்பச்சொத்தாகிவிடும் ஆபத்தை அந்தச் சபை அறிந்திருந்தது.

அந்த அறிவுக்கும் எல்லை இருந்தது. இறை செலுத்தும் கால்வேலிக்கு மேற்பட்ட நிலம், சொந்த மனையில் வீடு, வேதப் பயிற்சி, 35 முதல் 70க்குள் வயது என்று தகுதி வகுத்த சபை பிராமண நிலக்கிழாருடையது. அந்த நிலத்தை உழுதவருக்கும் பெண்களுக்கும் அதில் ஓலை இல்லை. இது சிறிய குறையென்று கடந்து போக முடியாது. நீதியின் பாதி அங்கே விடுபட்டுப் போயிற்று.

மேலே அரசனும் விதிக்கு வெளியே நின்றான். அரசாணைப்படி அவனுடைய அதிகாரி உடனிருக்கத்தான் சபை இந்த ஒழுங்கைச் செய்தது. ஏரி வாரியத்தார் ஆறு பேரும் கணக்குக் காட்ட வேண்டியிருந்தது. 949இல் தக்கோலப் போரில் இளவரசன் இராசாதித்தனும் எத்தனையோ வீரர்களும் மாண்டபோது, பராந்தகனிடம் கணக்குக் கேட்கும் உரிமை எந்தச் சபைக்கும் இருக்கவில்லை.