கடல்கட்டிக்குக் கூலி

"எங்கள் கணினிகளுக்குள் எவனும் நுழைய முடியாது" என்று சொல்லும் தகவல் பாதுகாப்பு அதிகாரியை முதலாளி அன்றைக்கே வீட்டுக்கு அனுப்ப வேண்டும். நடப்பதோ நேர்மாறு. அப்படிச் சொல்கிறவருக்குப் பதவி உயர்வு. "நுழைந்திருக்கலாம், தேடிப் பார்க்க வேண்டும்" என்கிறவருக்கு அபசகுனம் பிடித்த ஆள் என்று பெயர்.

தூத்துக்குடிப் பக்கத்து முத்துக்குளித்துறைக்கு இது புதிதில்லை. முன்பு இந்தக் கரையில் கடல்கட்டி என்றொருவர் இருந்தார். மந்திரம் சொல்லிச் சுறாவின் வாயைக் கட்டுகிறவர், பரம்பரைத் தொழில். அவர் இல்லாமல் முத்துக்குளிப்பவர்கள் நீரில் இறங்கமாட்டார்கள். பரதவர்கள் 16-ஆம் நூற்றாண்டிலேயே கத்தோலிக்கராகிவிட்டார்கள். மதம் மாறியும் மந்திரம் போகவில்லை. வெள்ளைக்கார அரசுக்கு அதில் துளியும் நம்பிக்கை கிடையாது. ஆனாலும் குளிப்பு நடக்க வேண்டுமே, வருமானம் வர வேண்டுமே என்று கடல்கட்டிக்குக் கூலி கொடுத்தது. சுறாவுக்கு இந்த ஏற்பாடு எதுவும் தெரியாது.

இன்றைய நிறுவனங்கள் பல, பாதுகாப்புத் தலைவர் பதவியை இப்படித்தான் வைத்திருக்கின்றன. சுவரில் சான்றிதழ், ஆண்டறிக்கையில் ஒரு பத்தி, ஆயுத பூஜையன்று சர்வருக்குக் குங்குமம். இயக்குநர் குழு நிம்மதியாகத் தூங்குவதற்கு ஓர் ஆள்.

இதே கரையில் தெற்கே போனால் கூடங்குளம். 2019 அக்டோபர் 29 அன்று அணுமின் நிலையத்திலிருந்து ஓர் அறிக்கை வந்தது: கட்டுப்பாட்டு அமைப்புகள் தனித்தவை, இணையத்தோடு தொடர்பில்லாதவை, அவற்றின் மீது இணையத் தாக்குதல் நடக்கவே முடியாது. மறுநாளே அணுமின் கழகம், ஒரு கணினியில் தீநிரல் இருந்தது உண்மைதான் என்றது. நிர்வாக வேலைக்கான, இணையத் தொடர்புள்ள கணினி அது. உலை இயக்கம் பாதிக்கப்படவில்லை என்றார்கள். அது சரியாகவே இருக்கட்டும். ஆனால் கணினி அவசர உதவி அமைப்பான செர்ட்-இன் இதைச் சொன்னது செப்டம்பர் 4-ஆம் தேதி. எட்டு வாரம் கழித்து "முடியாது" என்ற சொல் எங்கிருந்து வந்தது? இணையத்தோடு இணைக்கப்படாத ஈரானின் நத்தான்ஸ் அணு நிலையத்துக்குள் ஸ்டக்ஸ்நெட் புகுந்த கதை 2010-லேயே உலகறிந்தது. சான்று கண்முன் இருக்க, "முடியாது" என்று ஓதுவதற்குப் பெயர் மூடநம்பிக்கை. அதைப் பொறியியல் பட்டம் வாங்கியவர் ஓதினாலும் அதுதான் பெயர்.

பூசாரியான அதிகாரியைக் குறை சொல்லிவிட்டு மூலவரான முதலாளியை விட்டுவிடக் கூடாது. ஜோ சல்லிவன் அமெரிக்க அரசு வழக்கறிஞராக இருந்து கணினிக் குற்றவாளிகள் மீது வழக்கு நடத்தியவர். பிறகு ஈபே, பேபால், ஃபேஸ்புக் என்று ஏறி 2015-ல் ஊபரின் பாதுகாப்புத் தலைவரானார். இதைவிட நல்ல பாதை ஒரு பாதுகாப்பு அதிகாரிக்கு அமையாது. 2016-ல் 5.7 கோடிப் பேரின் விவரங்கள் திருடுபோயின. திருடியவர்களுக்கு 1 லட்சம் டாலர், பிழை கண்டுபிடித்ததற்கான பரிசு என்ற பெயரில் கொடுக்கப்பட்டது, விஷயம் மூடப்பட்டது. 2022-ல் சல்லிவன் குற்றவாளி என்று தீர்ப்பானது. மூன்றாண்டு நன்னடத்தைக் கண்காணிப்பு தண்டனை. அப்போதைய தலைமை நிர்வாகிக்கும் விஷயம் தெரியும். இதற்காக அவர் மீது வழக்கே இல்லை. இதனால் சல்லிவன் செய்தது சரியாகிவிடாது. திருடனைக் கூண்டில் ஏற்றிய அறிவே திருட்டை மூடவும் பயன்பட்டதென்றால், அங்கே இல்லாமல் போனது திறமை அல்ல.

கிரெடிட் கார்டு எண் போனால் புதிது வாங்கலாம்; ஆலையில் உயிர் போனால் வாங்க முடியாது. இதே கரையில், ஆறுமுகநேரிக்கும் காயல்பட்டினத்துக்கும் பக்கத்தில் உள்ள சாகுபுரத்தில் காஸ்டிக் சோடா தயாரிக்கும் ஆலை இருக்கிறது; உப்புநீரில் மின்சாரம் பாய்ச்சிக் காஸ்டிக் சோடா எடுத்தால் நச்சு வாயுவான குளோரினும் கூடவே வரும். 2017-ல் சவுதியில் ஒரு பெட்ரோலிய வேதி ஆலையில், ஆபத்து நேரத்தில் இயந்திரங்களை நிறுத்தும் பாதுகாப்புக் கருவிகளையே குறிவைத்து டிரைட்டன் என்ற தீநிரல் புகுந்தது. சாகுபுரத்தில் குறை கண்டதாக நான் சொல்லவில்லை. உலகத்தில் எந்த வேதி ஆலையிலும் பாதுகாப்பு அதிகாரி வாய் திறக்கப் பயந்தால், பக்கத்து ஊரின் மூச்சு அந்தப் பயத்தின் கையில் இருக்கிறது என்கிறேன்.

வங்கிகளில் பாதுகாப்புத் தலைவர், தகவல் தொழில்நுட்பத் தலைவரின் கீழ் இருக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி விதி வைத்திருக்கிறது. தூத்துக்குடியைத் தலைமையிடமாகக் கொண்ட தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கிக்கும் அதுதான் விதி. காரணம் எளிது: சோதிக்கிறவன் சோதிக்கப்படுகிறவனிடம் சம்பள உயர்வு கேட்டு நிற்கக் கூடாது. ஊடுருவல் தெரிந்த ஆறு மணி நேரத்துக்குள் செர்ட்-இன்னுக்குச் சொல்ல வேண்டும் என்று 2022-ல் உத்தரவும் வந்துவிட்டது. ஆனால் கெட்ட செய்தி கொண்டுவந்தவனை உட்கார வைத்து "மேலே சொல்லு" என்று கேட்கும் முதலாளியை எந்த உத்தரவும் உண்டாக்காது.

ஆறுமுகநேரியிலும் காயல்பட்டினத்திலும் இருப்பவர்களே, அடுத்த முறை எந்த ஆலைக்காரர் "எல்லாம் பத்திரம்" என்றாலும் சான்றிதழைக் கேட்காதீர்கள். உங்கள் பாதுகாப்பு அதிகாரி கடைசியாக எப்போது "இது கூடாது" என்றார், சொன்ன பிறகும் அவர் வேலையில் இருக்கிறாரா என்று கேளுங்கள்.