படத்திற்குப் பெயரிடுதலும் அறமே

ஒரு பொருளைக் காத்தல் என்பது அதனைக் கைவசம் வைத்திருத்தலா, அன்றி அதனை அறிந்து வைத்திருத்தலா? இவ்வினாவை, இன்று நம் இல்லங்களில் குவிந்து கிடக்கும் நிழற்படங்களை முன்வைத்துச் சிந்தித்தல் நலம்.

படச்சுருள் வழங்கிய காலத்தில் ஒரு சுருளில் 36 படங்கள் அளவே எடுக்க இயன்றது. கழுவி அச்சிடவும் பணம் வேண்டியிருந்தது. ஆதலின், எதனை எடுப்பது என்னும் தேர்வு படம் எடுக்குமுன்னரே நிகழ்ந்தது. இன்று கைப்பேசியில் படமெடுக்கத் தனிச்செலவில்லை. ஒரே திருமணத்தில் ஆயிரக்கணக்கில் எடுக்கின்றோம். தேர்ந்தெடுக்கும் கடமை இதனால் நீங்கிவிடவில்லை. பின்னொரு நாளுக்குத் தள்ளிவைக்கப்பட்டுள்ளது. அந்நாளில் அதனை மேற்கொள்வார் சிலரே.

“கருவியே யாவற்றையும் குறித்துக்கொள்கிறதே” என்பர் சிலர். அது ஓரளவே உண்மை. 1995-இல் ஜப்பானில் வகுக்கப்பட்ட எக்ஸிஃப் என்னும் முறைப்படி, படம் எடுத்த நாளும் நேரமும் படக்கோப்பின் உள்ளேயே பதிவாகின்றன. நாம் இசைந்தால் இடமும் பதிவாகும். ஒருவருடைய முகத்தை ஒப்பிட்டு, அவர் படங்களை ஒன்றுசேர்க்கும் மென்பொருள்களும் உள. ஆயினும் அம்முகத்திற்குரியவர் யாவர் என்பதை அறிந்த ஒருவர் சொல்லியே ஆகவேண்டும். சொல்லத் தெரிந்த முதியவர் மறைந்தபின், படம் எஞ்சும், படத்திலிருப்பவர் தொலைந்துபோவார். ஆகவே குறிச்சொல் இடுதலை வெறும் பொழுதுபோக்கு எனக் கொள்ளலாகாது. அதில் மூன்று கடமைகள் அடங்கியுள்ளன.

முதலாவது, வாய்மை. பழைய அச்சுப்படத்தை இன்று வருடி ஏற்றினால், பல வேளைகளில் கருவி இன்றைய நாளையே குறிக்கும். அதனைத் திருத்தாவிடில் 1962-ஆம் ஆண்டுப் படம் இவ்வாண்டுப் படங்களோடு சேர்ந்துவிடும். முகச்சாயலால் அக்கையையும் தங்கையையும் மென்பொருள் ஒருவராகவே கொள்வதும் உண்டு. பிழையான பெயரை மறுக்க வல்லவர் அடுத்த தலைமுறையில் இரார். எனவே ஐயத்தை ஐயமாகவே எழுதுதல் வேண்டும்: “1960 அளவில்”, “பெயர் தெரியவில்லை”, “இன்னார் சொல்லக் கேட்டது.”

இரண்டாவது, நடுவுநிலை. பழைய திருமணப் படங்களின் பின்புறத்தில் ஆடவர்க்குத் தலைப்பெழுத்துடன் முழுப்பெயர் இருக்கும். பெண்டிர்க்கோ “இன்னார் மனைவி” என்பதோடு சரி. நாமும் “பெரியம்மா”, “பாட்டி” எனக் குறித்துவிட்டு மனநிறைவு அடைகின்றோம். உறவுப்பெயர் சொல்பவரைப் பொறுத்து மாறுவது அன்றோ? எனக்குப் பெரியம்மா, என் மகனுக்குப் பாட்டி. அவன் மக்களுக்கோ எவரென்றே விளங்காது. ஆடவர் பெண்டிர் அனைவர்க்கும் முழுப்பெயரும், பிறந்த ஊரும் எழுதுவதே முறை.

மூன்றாவது, அடக்கம். பிறர் முகம் நம் உடைமையன்று. முகங்களைக் கண்டறிந்து பெயர் சுட்டும் ஏற்பாட்டை நிறுத்துவதாகவும், நூறு கோடிக்கு மேற்பட்டோரின் முகக்குறிப்புகளை அழிப்பதாகவும் 2021 நவம்பரில் ஃபேஸ்புக் அறிவித்தது. மக்களின் அச்சம் அத்துணைப் பெரிதாயிருந்தது. இல்லத்திலும் இதே வினா எழும். நோயுற்றுப் படுத்திருப்பவர் படத்தையும், குளிக்கும் குழந்தையின் படத்தையும் பெயரிட்டுப் பலர்க்கு அனுப்ப நமக்கு உரிமை உண்டா? உரியவரைக் கேட்டறிதலும், வேண்டாதவற்றை நீக்குதலும் காத்தலின் பகுதிகளே.

எழுதும் இடத்திலும் கருத்து வேண்டும். பெயரை மென்பொருளின் பட்டியலில் மட்டும் விட்டுவைத்தால், அம்மென்பொருள் நின்றுபோகும் நாளில் பெயரும் போகும். பலர் பயன்படுத்திய பிக்காசாவைக் கூகுள் நிறுவனம் 2016-இல் கைவிட்டது. படக்கோப்பின் உள்ளேயே விளக்கமும் குறிச்சொல்லும் எழுத வழியுண்டு. அவை கோப்புடன் செல்லும். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் இக்குறிப்புகள் நீங்கிவிடுமாதலின், மூலக்கோப்பைத் தனியே காத்தல் வேண்டும்.

பத்தாயிரம் படங்களையும் ஒருசேர ஒழுங்குசெய்தல் எவர்க்கும் அரிது. ஒரே காட்சியின் இருபது படங்களில் ஒன்றை நிறுத்திப் பிறவற்றை நீக்குங்கள். பின்னர் வீட்டிலுள்ள மூத்தவர் அருகில் அமர்ந்து, அவர் இளமைக்காலப் படங்களில் பத்தினை மட்டும் காட்டி, ஒவ்வொருவர் பெயரையும் கேட்டு எழுதுங்கள். அண்மைப் படங்களை அடுத்த ஆண்டும் ஒழுங்குசெய்யலாம்; பெரியவரின் நினைவு அதுவரை காத்திருக்கும் என்பதற்கு உறுதியில்லை.