தலையில் கை வைப்பவர் யார்?

1536-இல் டென்மார்க் மன்னர் மூன்றாம் கிறிஸ்டியன் கத்தோலிக்கப் பேராயர்களை (பிஷப்புகளை) சிறையில் அடைத்தார். அவர்களுடைய கோட்டைகளும் நிலங்களும் அரண்மனை வசமாயின. மறு ஆண்டு செப்டம்பர் 2 அன்று, கோபன்ஹேகனில் ஏழு புதிய பேராயர்களின் தலையில் கை வைத்து அபிஷேகம் செய்தவர் லூத்தரின் நண்பர் பூகன்ஹாகன். அவர் பேராயர் அல்ல, சாதாரணக் குருவானவர்.

பேராயர் அல்லாதவர் இன்னொருவரைப் பேராயராக்கலாமா? கூடாது என்றது ரோமாபுரி. குருவுக்கும் பேராயருக்கும் உள்ள வேறுபாடு மனிதர் வகுத்த ஒழுங்குதான், தேவ கட்டளை அல்ல என்றார்கள் லூத்தரன்கள். ரோமாபுரியை விட்டு விலகிய இங்கிலாந்து சபையோ பேராயர் வரிசையை மட்டும் விடவில்லை. பேராயர் கையால் பட்டம் பெறாதவர் அங்கே குருவாக ஊழியம் செய்ய முடியாது என்பது 1662-இல் சட்டமானது.

இந்த வழக்கு தமிழ் மண்ணுக்கும் வந்தது. 1733-இல் தரங்கம்பாடியில் ஆரோனுக்குக் குருப்பட்டம் கொடுத்தவர்கள் லூத்தரன் மிஷனரிகள். இந்தியரில் முதல் புராட்டஸ்டண்ட் போதகர் அவர். பேராயர் எவரும் அங்கே இல்லை.

திருநெல்வேலியில்தான் சிக்கல் முற்றியது. இங்கிலாந்து சபையின் (ஆங்கிலிக்கன்) மிஷனரி சங்கமான சி.எம்.எஸ்.ஸில் ஊழியம் செய்த ஜெர்மானியர் ரேனியஸ் ஐயர், லூத்தரன் முறையில் பட்டம் பெற்றவர். தம் உபதேசியார்களுக்குத் தாமே பட்டம் கொடுக்க விரும்பினார்; பேராயர்தான் கொடுக்க வேண்டும் என்றது சங்கம். இங்கிலாந்து சபையின் முறைகளை அவர் வெளிப்படையாக விமர்சிக்கவும், 1835-இல் சங்கம் அவரை விலக்கியது. சபைகள் இரண்டாகப் பிளந்தன. கிராமத்தில் பாடம் சொல்லி ஜெபம் நடத்திய உபதேசியார்கள் இதில் செய்த தவறு என்ன? அவர்கள் கொடுத்த விலை அநியாயமானது.

அதே திருநெல்வேலிச் சீமையின் மகன் வேதநாயகம் அசரியா, இந்தியரில் முதல் ஆங்கிலிக்கன் பேராயர். 1919-இல் தரங்கம்பாடியில் புராட்டஸ்டண்ட் சபைகளின் ஐக்கியத்துக்கு அழைப்பு விடுத்தவர்களில் முன்நின்றவர். பேச்சு 28 ஆண்டுகள் நீண்டது; ஐக்கியத்தைக் காணாமலே 1945-இல் அவர் மறைந்தார். 1947 செப்டம்பர் 27 அன்று சென்னை புனித ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபை பிறந்தது. இனிப் பட்டம் கொடுப்பவர் பேராயரே. ஆனால் ஏற்கெனவே ஊழியத்தில் இருந்த மெத்தடிஸ்ட், பிரஸ்பிட்டேரியன் போதகர்களுக்கு மறுபட்டம் வேண்டாம். பேராயர் பதவிக்கு இதுதான் இறையியல் விளக்கம் என்று எவர் மீதும் திணிக்கவில்லை. விளக்கத்தில் ஒத்துப்போகாதவர்களும் ஒரே பந்தியில் அமரலாம் என்ற அந்தத் துணிவு, சீர்திருத்தத்துக்குப் பின் வந்த நானூறு ஆண்டு வாதங்களைவிட மேலானது.

பேராயரே இல்லாத ஸ்காட்லாந்து சபையிலிருந்து வந்த லெஸ்லி நியூபிகின், அன்றே மதுரை-இராமநாதபுரம் பேராயராக அபிஷேகம் பெற்றார். மறு ஆண்டு லண்டன் லாம்பெத்தில் கூடிய ஆங்கிலிக்கன் பேராயர்களோ, இந்தப் புதிய சபையின் பட்டங்களை ஏற்பதா என்பதில் ஒருமனப்படவில்லை.