பார்த்தலும் தரிசித்தலும்

உத்தியோக நிமித்தமாக ஜப்பான் தேசத்துக்குப் புறப்பட்ட எங்கள் நகரி இளைஞர் ஒருவர், விடுமுறை நாட்களில் அங்கே பார்க்கவேண்டிய ஸ்தலங்களென்று ஒரு ஜாபிதா எழுதிக்கொண்டு வந்து காட்டினார். நாரா நகரத்துப் பெரிய புத்தரும் நாகானோவின் ஜென்கோஜி ஆலயமும் அதில் அடுத்தடுத்து இருந்தன. பின்னதில் மூலமூர்த்தியைக் காணவே முடியாது என்று நான் சொன்னதும், “பார்க்க முடியாத சாமியை எதற்கய்யா போய்ப் பார்ப்பது?” என்றார். அந்தக் கேள்வி இன்றுவரை என் மனத்தை விட்டு அகலவில்லை.

ஜென்கோஜியின் மூர்த்தி, பூஜை செய்கிறவர்களுக்கும் காட்டப்படாத ரகசிய மூர்த்தி. அதன் பிரதிபிம்பம்தான், அவர்கள் கணக்கில் ஏழாண்டுக்கு ஒருமுறை, ஜனங்களுக்குத் தரிசனமாகிறது. அப்போது அந்தப் பிம்பத்தின் கரத்திலிருந்து புறப்படும் கயிறு வெளியே நட்டிருக்கும் ஸ்தம்பத்தோடு வந்து சேர, ஸ்தம்பத்தைத் தொட்டவன் பகவானின் கையையே தொட்டவனாகிறான். மற்ற நாட்களில் வருகிற யாத்ரிகனோ, சந்நிதிக்குக் கீழே கும்மிருட்டான வழியில் சுவரைத் தடவித் தடவி நடந்து, மூர்த்திக்கு நேர் கீழேயுள்ள பூட்டு கைக்குத் தட்டுப்படுகிறதா என்று தேடுகிறான். கண்ணுக்கு அங்கே வேலையே இல்லை.

நாராவின் புத்தருக்கு 752ஆம் ஆண்டு கண் திறந்தவர், பாரத தேசத்திலிருந்து சென்ற போதிசேனர் என்ற பிக்ஷு. அவர் பிடித்த தூரிகையில் நூல் கட்டி, கூடியிருந்தவர்கள் அந்நூலைப் பற்றிக்கொண்டு அச்செயலில் தாங்களும் பங்குகொண்டார்கள். நம் ஸ்தபதிகளும் விக்கிரகத்துக்குக் கடைசியில்தானே கண் திறக்கிறார்கள்? பார்க்கப்படுவதற்கு மாத்திரமே விக்கிரகம் என்றால், அதற்குக் கண் எதற்கு? அது நம்மைப் பார்க்கவேண்டும் என்பதற்காகவே கண் திறக்கிறோம் என்று நான் நம்புகிறேன். நம்மைப் பார்க்கிறவர் நம் கண்ணுக்குத் தெரியாவிட்டால்தான் என்ன? நாற்பது ஆண்டுகளுக்கு ஒருமுறை, 1979லும் பிறகு 2019லும், திருக்குளத்திலிருந்து எழுந்தருளிய காஞ்சி அத்திவரதரை, இடைப்பட்ட காலத்தில் ஜலத்துக்குள் இருக்கிறார் என்ற நினைவிலேயே எத்தனை பேர் சேவித்திருப்பார்கள்!

எங்கள் ஊர்ப் பக்கமும் பிரயாணிகள் வருகிறார்கள். சுருட்டப்பள்ளியில் அம்பிகையின் மடியில் தலைவைத்துச் சயனித்திருக்கும் ஈசன், நாகலாபுரம், நாராயணவனம் என்று காலையில் தொடங்கி, இருட்டுவதற்குள் திருப்பதி போய்ச் சேர்ந்துவிடுகிற அவர்கள், “எல்லாம் பார்த்தாயிற்று” என்று சொல்லும்போது எனக்கு நெஞ்சில் சிறிது வலிக்கிறது. அவர்களுடைய பக்தியில் நான் குறை காணவில்லை. ஆனால் சந்நிதியில் நின்று, தாங்கள் பார்க்கப்படுவதற்கு அவர்களுக்கு நேரமில்லையே!

கிருஷ்ணதேவராயர் தம் தாயாரின் பெயரால் அமைத்த நாகலாபுரத்தில், மச்ச ரூபியான வேதநாராயணர் மேற்கு நோக்கி நிற்கிறார். பங்குனியில் மூன்று நாள் மாலைச் சூரியனுடைய கிரணங்கள் வாசல்களைக் கடந்து உள்ளே வந்து, முதல் நாள் திருவடியிலும், மறுநாள் நாபியிலும், மூன்றாம் நாள் திருமுடியிலும் படுகின்றன. ஓராண்டு முதல் நாளன்று, கூட்டத்தின் கடைசியில் எனக்குப் பக்கத்தில், தறி வேலையில் விரல்கள் காய்த்துப்போன பாட்டி ஒருத்தி நின்றிருந்தாள். முன்னே நின்றவர்களின் தலைகளைத் தவிர அவளுக்கு ஒன்றும் தெரியவில்லை. “பட்டுதாப்பா?” என்று கேட்டாள். “பட்டது பாட்டி, திருவடியில்” என்றேன். இரண்டு கைகளையும் உச்சிக்குமேல் குவித்துச் சிறிது நேரம் கண்மூடி நின்றுவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாகிறதென்று புறப்பட்டுப் போனாள்.