சித்தன்னவாசலில் எதைக் காப்பது?

புதுக்கோட்டையிலிருந்து அன்னவாசல் போகும் வழியில் இருக்கிறது சித்தன்னவாசல் குன்று. அதன் ஒரு பக்கத்தில் ஏழடிப்பட்டம் என்னும் இயற்கைக் குகை. பாறையில் வெட்டிய ஏழு பள்ளங்களில் கால் பதித்துத்தான் அக்காலத்தில் அங்கே போக முடிந்தது. உள்ளே வழவழப்பாகச் செதுக்கிய 17 கற்படுக்கைகள். தலை வைக்கும் இடம் மட்டும் சற்றே உயர்ந்திருக்கிறது. கையால் தடவினால் அந்த மேடு தெரியும். பெரிய படுக்கை ஒன்றில் கி.மு. காலத்துத் தமிழி எழுத்துகள் உள்ளன. மற்றவற்றில் பல நூற்றாண்டுகள் கழித்து வந்த துறவிகளின் பெயர்கள். உடலை வருத்தித் தவமிருக்கவும், உண்ணா நோன்பிருந்து உயிர் துறக்கவும் சமண முனிவர்கள் தேடி வந்த இடம் இது.

உடலே விட்டுவிட வேண்டியது என்று வந்தவர்களின் படுக்கையை, இன்று ஓர் அரசாங்கம் வேலி போட்டு, காவலர் வைத்துக் காக்கிறது. குன்றின் மறுபக்கத்தில் உள்ள சமணக் குடைவரையான அறிவர் கோயிலில் தாமரைக் குள ஓவியம் மேலும் உதிராமல் இருக்க வேதியியலாளர்கள் பாடுபடுகிறார்கள். துறவின் சின்னத்தை விடாமல் பிடித்து வைப்பது அந்தத் துறவுக்கே எதிரானதா? தத்துவ வகுப்பில் எழுப்பப்படும் கேள்வி போலத் தோன்றலாம். ஆனால் ஒவ்வொரு தொல்லியல் அலுவலகத்திலும் இது கோப்பாக வந்து நிற்கிறது, பெரும்பாலும் துணை இயக்குநர் நிலையில் இருப்பவரின் மேசையில். இயக்குநர் அரசுக்குப் பதில் சொல்ல வேண்டியவர். களத்தில் இருப்பவர் விரிசலையும் கசிவையும் பார்த்து அறிக்கை அனுப்புபவர். எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்று இருவருக்கும் நடுவில் அமர்ந்து குறிப்பு எழுதுபவரின் வரிதான் பல நேரங்களில் கல்லின் விதியாகிறது.

இந்த மண்ணிலிருந்தே அப்படி ஒருவர் போயிருக்கிறார். புதுக்கோட்டை சமஸ்தான அருங்காட்சியகத்தின் காப்பாட்சியராக இருந்த கே.ஆர். சீனிவாசன், பின்னாளில் இந்தியத் தொல்லியல் துறையின் துணைத் தலைமை இயக்குநர் வரை உயர்ந்தார். பல்லவர் குடைவரைகளைப் பற்றி 1964இல் அவர் எழுதிய நூல் இன்றும் ஆய்வாளர்களின் கையில் இருக்கிறது. சித்தன்னவாசல் ஓவியங்களின் காலத்தை மறு ஆய்வு செய்தவர்களிலும் அவர் ஒருவர். பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மன் காலத்தவை என்றுதான் அந்த ஓவியங்களை முதலில் நம்பினார்கள். ஆனால் குடைவரையின் முன்புறப் பாறையில் உள்ள கல்வெட்டு வேறு கதை சொன்னது. 9ஆம் நூற்றாண்டில், பாண்டியன் சீமாறன் சீவல்லபன் ஆட்சியில், மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் உள் மண்டபத்தைப் புதுப்பித்து, முன் மண்டபத்தையும் எழுப்பினான் என்கிறது அது. கருவறை விதானத்தில் பழைய பூச்சின் மேல் புதுப் பூச்சு ஏறியிருப்பதையும் கண்டார்கள்.

அதாவது, இன்று ‘மூலம்’ என்று போற்றிக் காப்பதே ஒரு திருப்பணி. தனக்கு முந்தைய ஓவியத்தை மூடிவிட்டு இளங்கௌதமன் தன் தாமரைகளை மலர்த்தினான். அதில் அவனுக்குக் குற்ற உணர்வு இருந்திருக்க வேண்டியதில்லை. வழிபடுகிறவன் புதுப்பிப்பது புண்ணியம். இன்றும் குடமுழுக்குக்கு முன் ஊர் கூடிச் செய்வது அதைத்தான்.

அவன் செய்ததை இன்றைய அதிகாரி ஏன் செய்யக்கூடாது?

இதற்குச் சமணத்துக்குள்ளேயே ஒரு வெளிச்சம் உண்டு. உள்பொருள் எதுவும் தோன்றுகிறது, அழிகிறது, நிலைத்தும் நிற்கிறது, மூன்றும் ஒரே நேரத்தில் என்பது உமாசுவாதியின் தத்துவார்த்த சூத்திரம் நிறுவும் கொள்கை. அதை விளக்கச் சமண ஆசிரியர் சமந்தபத்திரர் ஓர் எடுத்துக்காட்டு வைத்தார். பொற்குடத்தை உருக்கி முடி செய்கிறார்கள். குடத்தை விரும்பியவன் வருந்துகிறான், முடியை விரும்பியவன் மகிழ்கிறான், பொன்னை விரும்பியவனுக்கு இரண்டும் இல்லை. சித்தன்னவாசலில் குடத்துக்காக வருந்தும் கலை ரசிகர்கள் உண்டு. புது வண்ணம் தீட்டிப் பளிச்சென்று பார்க்க ஆசைப்படுகிறவர்களும் உண்டு. அதிகாரி பொன்னைப் பார்க்க வேண்டியவர். இங்கே பொன் எது என்பதில்தான் சிக்கல்.

அந்தப் பொன், சாட்சியம்தான். சுண்ணாம்புச் சாந்தும் காவியும் கரியும் ஒரு கையின் வழியே தாமரைக் குள விதானத்தில் ஏறின. தாமரைத் தண்டைத் தோளில் சாய்த்து நிற்கும் மனிதனின் கோட்டில் அந்தக் கையின் வேகம் இன்னும் தெரிகிறது. அதன் மேல் இன்னொரு கை போனால் பிறகு யாரும் எதையும் கேட்டறிய முடியாது. இளங்கௌதமன் அந்த மரபுக்குள் நின்று புதுப்பித்தான்; அரசுக்கு மதம் இல்லை, அதனால் பக்தனின் உரிமையை அது கடன் வாங்க முடியாது. அதன் அதிகாரி பிறர் பொருளுக்குக் காவல் நிற்பவர். இந்தியத் தொல்லியல் துறையின் தலைமை இயக்குநராக இருந்த ஜான் மார்ஷல் 1923இல் தொகுத்த பராமரிப்புக் கையேடும் இதே பக்கம்தான்: இருப்பதைக் காப்பாற்று, இழந்ததைக் கற்பனையில் கட்டாதே. இதே புதுக்கோட்டை மாவட்டத்துக் கொடும்பாளூர் மூவர் கோயிலில் மூன்றாவது கோயிலின் அடித்தளம் மட்டும் வெயிலில் கிடக்கிறது. மற்ற இரண்டைப் பார்த்து அதையும் எழுப்பிவிடலாம். எழுப்பாமல் விட்டதே அங்கே நடந்த நல்ல வேலை.

ஜப்பானின் இசே ஆலயத்தை 20 ஆண்டுக்கு ஒருமுறை புதிதாகக் கட்டுகிறார்கள்; 2013இல் 62ஆம் முறை. அங்கே சடங்கும் தச்சரின் கைத்திறனும்தான் பொன். அந்த நியாயத்தை அப்படியே இங்கே கொண்டுவர முடியாது. சித்தன்னவாசலில் சடங்கு அறுந்துபோய்ப் பல நூற்றாண்டுகள் ஆகின்றன.

சடங்கு அறுந்தது, மக்கள் அறுந்துபோகவில்லை. செஞ்சிக்கு அருகே மேல்சித்தாமூர் மடத்தைத் தலைமையாகக் கொண்ட தமிழ்ச் சமணர்கள் இன்றும் வாழ்கிறார்கள். பழைய சமணக் குன்றுகளுக்கு அகிம்சை நடையாகவும் போய் வருகிறார்கள். பாதுகாப்பில் எடுத்த நாளில் வழிபாடு இல்லாத இடத்தில் பிறகு வழிபாட்டுக்கு இடமில்லை என்பது தொல்லியல் துறையின் நடைமுறை. அது ஓவியத்துக்கு நல்லது. விளக்குப் புகையும் எண்ணெயும் அந்தச் சுவரை எளிதில் தின்றுவிடும். ஆனால் அந்த விதியைக் காரணம் காட்டி அவர்களை வெறும் சுற்றுலாப் பயணிகளாக நடத்துவது நியாயமில்லை. 17 படுக்கைகளில் கிடந்தவர்கள் எதற்காக அங்கே வந்தார்கள் என்பதை நோன்பாக இன்னும் கையில் வைத்திருப்பவர்கள் அவர்கள்தான். அடுத்த பராமரிப்புத் திட்டம் எழுதப்படும்போது வேதியியலாளரின் அறிக்கையோடு மேல்சித்தாமூரின் கருத்தையும் எழுத்தில் கேட்டு வாங்கிக் கோப்பில் சேர்க்க வேண்டும். அதற்குப் புதுச் சட்டம் தேவையில்லை. நடுமேசையில் இருப்பவர் ஒரு கடிதம் எழுதினால் போதும்.